வெள்ளாற்று முகத்தில் ஒரு பாய்மரப் பள்ளி

2023-ல் சீனாவின் ஹாங்சோவில் நடந்த ஆசிய விளையாட்டுப் போட்டியில் பாய்மரப் படகில் இந்தியாவுக்கு மூன்று பதக்கங்கள் கிடைத்தன. அவற்றில் உயர்ந்தது நேஹா தாக்கூர் வென்ற வெள்ளி. அவர் மத்தியப் பிரதேசத்தின் தேவாஸ் மாவட்டத்தைச் சேர்ந்த விவசாயக் குடும்பத்துப் பெண். படகோட்டக் கற்றது போபாலின் பெரிய ஏரியில், மாநில அரசு நடத்தும் பயிற்சிப் பள்ளியில். 2018-ல் ஜகார்த்தாவில் வெண்கலம் வென்ற ஹர்ஷிதா தோமரும் அதே பள்ளியின் மாணவிதான். மத்தியப் பிரதேசமோ கடலே இல்லாத மாநிலம். இங்கே தமிழ்நாட்டின் கடலூர் மாவட்டத்தில் ஐம்பது கிலோமீட்டருக்கும் நீளமான கடற்கரை உண்டு, ஏறத்தாழ ஐம்பது மீனவக் கிராமங்கள் உண்டு, நான்கு ஆறுகள் கடலில் சேரும் முகத்துவாரங்கள் உண்டு. தேசிய அளவில் பாய்மர விளையாட்டை வளர்ப்பது பற்றிப் பேசும்போதெல்லாம் பேச்சு பெரிய அகாடமி, வெளிநாட்டுப் பயிற்சியாளர், இறக்குமதிப் படகு என்றே போகிறது. அவை வேண்டாம் என்பதில்லை. ஆனால் அடுத்த அடி அங்கே இல்லை. கடலூருக்கும் சிதம்பரத்துக்கும் இடையில், பரங்கிப்பேட்டை வெள்ளாற்று முகத்தில், பத்துப் பதினைந்து சிறு படகுகளோடு ஆண்டு முழுக்க மூடாமல் நடக்கும் ஒரு எளிய பள்ளிதான் அடுத்த அடியாக இருக்க முடியும் என்பது என் வாதம்.

தமிழ்நாடு ஏற்கெனவே முன்னால்தானே இருக்கிறது என்று கேட்கலாம். உண்மைதான். டோக்கியோ ஒலிம்பிக்கில் இந்தியாவுக்காகப் படகோட்டிய நால்வருமே தமிழ்நாட்டுக்காரர்கள்: நேத்ரா குமணன், விஷ்ணு சரவணன், கே.சி.கணபதி, வருண் தாக்கர். பாரிஸ் ஒலிம்பிக்கின் படகுப் போட்டிகள் மார்செய்யில் நடந்தபோது விஷ்ணு 18-வது இடத்தையும் நேத்ரா 21-வது இடத்தையும் பிடித்தார்கள். ஆனால் இவர்கள் எந்த வழியாக வந்தார்கள் என்று பார்த்தால் இரண்டே வாசல்கள்தான் தெரிகின்றன. ஒன்று, சென்னைத் துறைமுகம். அங்கே துறைமுக வளாகத்துக்குள் 1911-ல் பிரான்சிஸ் ஸ்பிரிங் தொடங்கிய ராயல் மெட்ராஸ் யாட் கிளப்பும், பின்னாளில் வந்த தமிழ்நாடு செய்லிங் சங்கமும் இயங்குகின்றன. இன்னொன்று, ராணுவம். வேலூரில் பிறந்த விஷ்ணு ராணுவ வீரரின் மகன், தாமும் ராணுவ வீரர். துறைமுக வளாகத்துக்குள் பிள்ளையை அழைத்துச் சென்று விடக்கூடிய நகரத்துப் பெற்றோர், அல்லது சீருடை: இந்த இரண்டும் வாய்க்காத பிள்ளைக்கு இந்த விளையாட்டு இருப்பதே தெரிய வழியில்லை. கவனிக்க வேண்டிய செய்தி ஒன்றும் இதில் இருக்கிறது. நேத்ரா படகில் முதன்முதலாக ஏறியது 2009-ல் சென்னையில் நடந்த ஒரு கோடை முகாமில். அப்போது அவருக்கு ஏறத்தாழ 12 வயது. இந்தியாவிலிருந்து ஒலிம்பிக் பாய்மரப் போட்டிக்குத் தகுதி பெற்ற முதல் பெண் ஒரு பள்ளி விடுமுறை முகாமிலிருந்து வந்தவர். அப்படி ஒரு முகாம் சென்னைக்கு வெளியே, கடற்கரை மாவட்டங்களில் ஏன் நிலையாக நடக்கக்கூடாது?

இங்கே ஒரு கவர்ச்சியான வாதத்தை முதலிலேயே ஒதுக்கிவிடுவது நல்லது. மீனவர் வீட்டுப் பிள்ளைக்குப் பாய் விரிப்பது ரத்தத்திலேயே ஊறியது, ஒரு வாய்ப்புக் கொடுத்தால் போதும், பதக்கம் தானே வரும் என்று மேடைதோறும் சொல்கிறார்கள். சோழர் கடற்படையையும் உடன் இழுத்துவிடுவார்கள். நடப்பு அப்படி இல்லை. கடலூர்க் கரையில் கட்டுமரத்தில் பாய் கட்டிப் போன காலம் ஒரு தலைமுறைக்கு முன்பே போய்விட்டது. முதலில் எஞ்சின் வந்தது. 2004 சுனாமிக்குப் பிறகு கட்டுமரத்தின் இடத்தையே ஃபைபர் படகு எடுத்துக்கொண்டது. பாய் கட்டும் கழியான பருமலும், பாயை இழுக்கும் கயிறான தாமானும் இன்று முதியவர்களின் பேச்சில் மட்டும் மிச்சம். ராமநாதபுரம் மாவட்டத்தில் தொண்டிப் பக்கத்துக் கிராமங்களில் திருவிழாக்களை ஒட்டிப் பாய்மரப் படகுப் பந்தயம் இன்னும் நடக்கிறது. கடலூரில் அந்தத் தொடர்ச்சி இல்லை. தேவனாம்பட்டினத்துச் சிறுவன் வாடைக் காற்றுக்கும் கச்சான் காற்றுக்கும் உள்ள வித்தியாசத்தை வீட்டில் கேட்டு வளர்ந்திருக்கலாம், நீரோட்டமான நீவாடு எந்தப் பக்கம் இழுக்கிறது என்று அப்பாவுக்குத் தெரிந்திருக்கலாம். அது நல்ல முதல்தான். ஆனால் போட்டிப் படகு ஓட்டுவது வேறு வித்தை, அதற்கென்று விதிகளும் உத்திகளும் தனி. பரம்பரை இல்லாமலே அதைக் கற்கலாம் என்பதற்குத் தேவாஸ் பெண்ணே சாட்சி. ஆகவே கடலூருக்கான வாதம் பரம்பரையின் மேல் நிற்கக்கூடாது. நீர், நாட்காட்டி, நிறுவனம் என்ற மூன்றின் மேல் நிற்க வேண்டும். மூன்றும் இந்த மாவட்டத்தில் ஒரே இடத்தில் சேர்ந்திருப்பதுதான் விசேஷம்.

முதலில் நீர். புதிதாகக் கற்கும் பத்து வயதுப் பிள்ளையைத் திறந்த கடலில் இறக்க முடியாது. சோழமண்டலக் கரையில் அலை உடையும் இடமே பெரியவர்களுக்குச் சோதனை. வேண்டியது, காற்று தடையில்லாமல் வரும், அலை வராத, படகின் அடிப்பலகை தரை தட்டாத அளவுக்கு ஆழமுள்ள நீர்ப்பரப்பு. படகு என்றதும் எல்லோரும் நினைப்பது பிச்சாவரம். அது பாய்மரத்துக்கு ஏற்ற இடமே இல்லை. குறுகலான கால்வாய்கள், இரு பக்கமும் காற்றை மறைக்கும் சுரபுன்னைக் காடு, பல இடங்களில் ஆழமின்மை. 2022-ல் ராம்சார் பட்டியலில் சேர்க்கப்பட்ட அந்தச் சதுப்புநிலத்தை அதன் போக்கில் விட்டுவிடுவதே முறை. அங்கே ஏற்கெனவே ஓடும் சுற்றுலாப் படகுகளே போதும். கடலூர் முதுநகரை ஒட்டி உப்பனாறும் கெடிலமும் சேரும் துறைமுகப் பகுதியில் அகலம் இருக்கிறது, ஆழமும் இருக்கிறது; ஆனால் மீன்பிடிப் படகுகளின் போக்குவரத்தும், சிப்காட் ஆலைகளின் நிழலும் உண்டு. அதைப் பிறகு பார்ப்போம். மிஞ்சுவது வெள்ளாறு. பரங்கிப்பேட்டையில் கடலைத் தொடுமுன் அகன்று விரியும் ஆறு, மரம் மறைக்காத கரை, ஏற்ற இறக்கம் குறைந்த ஓதம். முகத்துவாரத்தில் மணல் இடம் மாறிக்கொண்டே இருக்கும் என்பது குறைதான். ஆனால் தொடக்கப் பயிற்சி முகத்துவாரத்துக்கு உள்ளேயே முடிந்துவிடும். தேறியவர்கள் இரண்டாம் மூன்றாம் ஆண்டில் கடலுக்குள் போகலாம். கடலூர்–சிதம்பரம் ரயில் பாதையிலேயே ஊர் இருப்பதால் இரு நகரங்களின் பள்ளிப் பிள்ளைகளும் வந்து போக முடியும்.

அடுத்தது நாட்காட்டி. கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கரையில் கட்டிக் கிடக்கும். பள்ளிக் கோடை விடுமுறையும் ஏறத்தாழ இதே நாட்களில்தான் வருகிறது. மதியத்துக்கு மேல் கடற்காற்று ஒழுங்காக எழும் பருவமும் இதுதான். மூன்றும் இப்படிப் பொருந்தி வருவது யாரும் திட்டமிட்டு நடந்ததில்லை. ஆனால் திட்டமிடுபவர்கள் இதைப் பார்க்காமல் விட்டால் தவறு அவர்களுடையது. தடைக்காலத்தில் வேலையில்லாமல் இருக்கும் விசைப்படகுத் தொழிலாளர்களில் நன்றாக நீந்தத் தெரிந்த சிலரை மீட்புப் படகு ஓட்டவும் கரையில் கண்காணிக்கவும் கூலி கொடுத்து அமர்த்தலாம். நிவாரணத் தொகையை மட்டும் நம்பியிருக்கும் வீட்டுக்கு அது சிறு வருமானம். பிள்ளைகளுக்கோ அந்தக் கடலை அறிந்த கண்கள். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை, புயல். 2011 டிசம்பர் 30-ல் தானே புயல் கடலூரை என்ன செய்தது என்பதை யாருக்கும் நினைவுபடுத்த வேண்டியதில்லை. அந்த மாதங்களில் படகுகளைக் கரையேற்றிப் பழுது பார்ப்பதும், போட்டி விதிகளையும் வானிலையையும் வகுப்பறையில் படிப்பதும், நீச்சலும் நடக்கட்டும். காற்றைப் படிப்பதற்கு இந்தக் கரையில் பழைய பாடமும் ஒன்று இருக்கிறது. 1783 ஜூனில் கடலூருக்கு எதிரே சுஃப்ரானின் பிரெஞ்சுக் கப்பல்களும் ஹியூஸின் ஆங்கிலேயக் கப்பல்களும் மோதிக்கொள்வதற்கு முன், காற்று வரும் பக்கத்து இடத்தைப் பிடிப்பதற்காகவே பல நாள் ஒன்றையொன்று வட்டமிட்டன. இன்று சிறுவர் போட்டியின் தொடக்கக் கோட்டில் நடப்பதும் அதே சண்டைதான், பீரங்கி மட்டும் இல்லை.

மூன்றாவது நிறுவனம். இதுதான் மற்ற இரண்டையும்விட முக்கியம் என்று நினைக்கிறேன், ஏனென்றால் விளையாட்டுத் திட்டங்கள் சாவது நீரில்லாமல் அல்ல, பொறுப்பேற்க ஆளில்லாமல். அண்ணாமலைப் பல்கலைக்கழகம் 1929-ல் சிதம்பரத்தில் தொடங்கியது. 2013-ல் மாநில அரசு அதைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டது. அதன் கடல் உயிரியல் உயராய்வு மையம் பரங்கிப்பேட்டையில் வெள்ளாற்றின் கரையிலேயே பல பத்தாண்டுகளாக இயங்குகிறது. ஆற்றின் உப்புத்தன்மை, ஓதம், மணல்திட்டு, மீன்வளம் பற்றி அந்த மையத்துக்குத் தெரிந்த அளவு வேறு யாருக்கும் தெரியாது. பல்கலைக்கழகத்தில் உடற்கல்வித் துறை இருக்கிறது. எதிர்காலப் பயிற்சியாளர்கள் அங்கேதான் படிக்கிறார்கள். நிலம், ஆய்வகம், உடற்கல்வி மாணவர்கள், மருத்துவக் கல்லூரி எல்லாம் அரசு கையில் சுற்றுவட்டாரத்திலேயே இருக்கும்போது, புதிதாக ஓர் அகாடமிக் கட்டடத்துக்கு அடிக்கல் நாட்டத் தேவையில்லை. படகு வைக்க ஒரு கொட்டகை, ஒரு சரிவு இறங்குதளம், உடை மாற்ற அறை, நல்ல கழிப்பறை போதும். அரசு ராமநாதபுரம் மாவட்டம் பிரப்பன்வலசையில் ஒலிம்பிக் நீர் விளையாட்டு அகாடமி அமைப்பதாக அறிவித்தது. அது வரட்டும், உயர்நிலைப் பயிற்சிக்கு அப்படி ஒரு இடம் தேவை. ஆனால் அகாடமிக்கு மாணவர்களை அனுப்புவது யார்? அடியில் பள்ளிகள் இல்லாத அகாடமி, கடைசியில் பிற மாநிலப் பிள்ளைகளையும் சென்னைப் பிள்ளைகளையும் வைத்தே நடக்கும்.

இனி மறுப்புகளுக்கு வருவோம். பணக்காரர் விளையாட்டு என்பது முதல் மறுப்பு. உயர்நிலைப் போட்டியில் அது பெரும்பாலும் உண்மை. ஒலிம்பிக் வகைப் படகும், ஐரோப்பாவில் மாதக்கணக்கில் தங்கிப் பயில்வதும் சாதாரண வீட்டால் தாங்க முடியாத செலவு. ஆனால் தொடக்கப் படகு வேறு கதை. பதினைந்து வயதுக்கு உட்பட்டவர்கள் உலகம் முழுக்க ஓட்டும் ஆப்டிமிஸ்ட் படகு 1947-ல் அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் கிளார்க் மில்ஸ் வடிவமைத்தது. எளிய குடும்பத்துப் பிள்ளைகளும் ஓட்ட வேண்டும், வீட்டுக் கொல்லையிலேயே ஒட்டுப்பலகையால் செய்துகொள்ள முடிய வேண்டும் என்பதே நோக்கம். நீளம் இரண்டேகால் மீட்டருக்குச் சற்று அதிகம், எடை 35 கிலோ, பாய் ஒன்று. போட்டித் தரத்துக்கு வாங்கித்தான் ஆக வேண்டும். ஆனால் பயிற்சிக்கு ஐ.டி.ஐ. மாணவர்களும் கடலூர் முதுநகர், முடசல் ஓடை பக்கத்து ஃபைபர் படகுத் தொழிலாளர்களும் செய்து தரக்கூடியது இது. பழுது பார்ப்பதும் உள்ளூரிலேயே முடியும். ஹைதராபாத்தில் ஹுசைன் சாகர் ஏரியில் 2009-ல் தொடங்கிய ஹைதராபாத் யாட் கிளப் ஏழைக் குடும்பத்துப் பிள்ளைகளையும் அரசுப் பள்ளி மாணவர்களையும் எடுத்துப் பழக்கியது. அவர்கள் தேசிய அளவில் பதக்கங்கள் வாங்கிக்கொண்டிருக்கிறார்கள். நம் கரையிலேயே அலைச்சறுக்கு இன்னொரு சான்று. சென்னைக்குத் தெற்கே கோவளத்திலும் மாமல்லபுரத்திலும் மீனவக் குடும்பத்துப் பிள்ளைகள்தான் அந்த விளையாட்டை வளர்த்தார்கள். 2025-ல் ஆசிய அலைச்சறுக்குப் போட்டியே மாமல்லபுரத்தில் நடந்தது. அலைச்சறுக்குக்குப் பலகை போதும், கரை போதும், யாரிடமும் நுழைவுச்சீட்டு வாங்க வேண்டாம். அதனால் அது பரவியது. பாய்மரத்தைத் துறைமுக வாசலுக்கு வெளியே கொண்டுவராமல், அது பணக்காரர் விளையாட்டு என்று குறை சொல்வது நாமே பூட்டிய கதவை நாமே தட்டுவதுபோல.

இரண்டாவது மறுப்பு பெற்றோருடையது, இதற்குத்தான் அதிக மதிப்புக் கொடுக்க வேண்டும். கடலோரத் தாய் தன் பிள்ளை கடலைவிட்டு வெளியே போய்ப் படிக்க வேண்டும், மாதச் சம்பளம் வாங்க வேண்டும் என்றுதான் நினைக்கிறாள். சுனாமியில் தேவனாம்பட்டினத்திலும் சாமியார்பேட்டையிலும் எம்.ஜி.ஆர். திட்டிலும் போன உயிர்களில் குழந்தைகள் எத்தனை என்று அவளுக்குத் தெரியும். அவளிடம் போய் ‘உன் பிள்ளையைத் திரும்பவும் தண்ணீரில் இறக்கு, ஒலிம்பிக் பதக்கம் வரும்’ என்று சொல்வது நியாயமான பேரம் இல்லை. அவளுக்குச் சொல்லக்கூடியது வேறு. பள்ளியில் சேரும் ஒவ்வொரு பிள்ளையும் முதலில் நீச்சல் கற்கும். லைஃப் ஜாக்கெட் இல்லாமல் படகில் ஏறாது. மீட்புப் படகு நீரில் இல்லாத நேரத்தில் பயிற்சி நடக்காது. அடுத்தது வேலை. தமிழ்நாட்டு அரசுப் பணிகளில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடு இருக்கிறது. ராணுவமும் கடற்படையும் பாய்மர வீரர்களைத் தேடி எடுக்கின்றன. வணிகக் கப்பல் படிப்புக்குப் போகும் பிள்ளைக்கு இந்தப் பழக்கம் கைகொடுக்கும். சேருகிற நூறு பேரில் ஒலிம்பிக் போகிறவர் ஒருவர்கூட இல்லாமல் போகலாம். ஆனால் நீந்தத் தெரியாத ஒருவரும் இருக்க மாட்டார். பெண் பிள்ளைகள் விஷயத்தில் தயக்கம் இன்னும் ஆழம். மீன் விற்கிற, ஏலத்தில் குரல் கொடுக்கிற பெண்கள் நிறைந்த இந்த ஊர்களில் படகில் பெண் ஏறுவது மட்டும் வழக்கமில்லை. அதற்கு உபதேசம் செய்து பயனில்லை. பக்கத்துப் புதுச்சேரியைச் சேர்ந்த கடற்படை அதிகாரி ரூபா அழகிரிசாமி, தன் சகா தில்னாவுடன் தாரிணி என்ற பாய்மரப் படகில் 2024 அக்டோபரில் கோவாவிலிருந்து கிளம்பி உலகைச் சுற்றி 2025 மே மாதம் திரும்பினார். எஞ்சினின் துணையின்றிக் காற்றை மட்டுமே நம்பிய பயணம். அப்படி ஒருவரைக் கூப்பிட்டுக் கிராமத்துப் பெண்களோடு ஒரு மாலை பேசச் செய்தால், நூறு துண்டறிக்கை செய்யாததைச் செய்யும். முதல் அணியில் பாதி இடம் பெண் பிள்ளைகளுக்கு என்று எழுதியே வைத்துவிட வேண்டும். போபால் பள்ளியின் ஆசியப் பதக்கங்களைக் கொண்டுவந்ததில் பெண்களின் பங்கைப் பார்த்தாலே காரணம் புரியும்.

மூன்றாவது, சுற்றுச்சூழல். பாய்மரத்துக்கு எண்ணெய் வேண்டாம், சத்தம் இல்லை, ஆகவே அது தானாகவே பசுமையான விளையாட்டு என்று சொல்லி நழுவ முடியாது. மீட்புப் படகுக்கு எஞ்சின் உண்டு, இறங்குதளத்துக்குக் கான்கிரீட் உண்டு, கூட்டம் வந்தால் கரையில் கடை வரும், கடை வந்தால் நெகிழிக் குப்பை வரும். கிள்ளை, பிச்சாவரம் பக்கம் இந்தத் திட்டம் நீளவே கூடாது என்று ஆரம்பத்திலேயே எல்லை வகுக்க வேண்டும். அங்கே எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் கிராமத்தாரும் சேர்ந்து கால்வாய் வெட்டிச் சதுப்புநிலக் காட்டை மீட்ட வேலை, கூட்டு முயற்சி எப்படி நிலைக்கும் என்பதற்கு இந்த மாவட்டமே தரும் உதாரணம். வருடக்கணக்கில் நிதானமாக, ஊரைக் கேட்டுச் செய்தார்கள். இன்னொரு பக்கம், பாய்மரம் நீரின் தரத்தைக் கேட்கும் விளையாட்டு. கற்கும் பிள்ளை நாளுக்குப் பலமுறை கவிழ்ந்து நீரில் விழும், வாயிலும் மூக்கிலும் நீர் போகும். 2016 ரியோ ஒலிம்பிக்கில் குவனபாரா விரிகுடாவின் கழிவுநீரைப் பற்றி உலகமே பேசியது, அங்கே படகோட்ட வேண்டியிருந்த வீரர்களை முன்னிட்டுத்தான். அந்தக் கரையில் வாழ்ந்த ஏழைகளை முன்னிட்டு அதுவரை அவ்வளவு பேர் பேசவில்லை என்பது கசப்பான உண்மை. கடலூர் உப்பனாற்றில் ஆலைக் கழிவு கலப்பதைப் பற்றிய புகார்கள் பல பத்தாண்டுப் பழையவை. வெள்ளாற்றில் வாரந்தோறும் நீரைச் சோதித்து முடிவைப் பயிற்சிக் கொட்டகையின் பலகையில் பல்கலைக்கழகம் எழுதிப்போடுவது என்று வைத்துக்கொண்டால், உப்பனாற்றிலும் அதைச் செய்யச் சொல்லிக் கேட்க ஒரு முன்மாதிரி கிடைக்கும். நிறுவன நிதி பற்றிய கேள்வியும் இங்கேதான் வருகிறது. 2013-ன் நிறுவனச் சட்டப்படி லாபத்தில் இரண்டு சதவீதத்தைச் சமூகப் பொறுப்புக்குச் செலவிட வேண்டிய பெரிய நிறுவனங்கள் இந்த மாவட்டத்திலேயே இருக்கின்றன, நெய்வேலி என்.எல்.சி. அவற்றில் முதன்மையானது. பணம் வாங்கலாம், பாயில் பெயர் போடலாம். ஆனால் நீர்ச் சோதனை முடிவை வெளியிடுவது நன்கொடையாளரின் கையில் இருக்கக் கூடாது. இந்த ஒரு நிபந்தனைக்கு ஒப்பாத நிறுவனத்தின் பணம் இல்லாமலே பள்ளி நடத்தலாம்.

கூட்டு என்றதும் அரசாணைகளில் வழக்கமாக வரும் பெயர்கள் விளையாட்டு மேம்பாட்டு ஆணையம், இந்தியப் படகோட்டச் சங்கம், மாநிலச் சங்கம், கடற்படை, என்.சி.சி. எல்லாம் வேண்டும். சென்னையில் இருக்கும் சங்கம் முதல் இரண்டு ஆண்டு பயிற்சியாளர்களை அனுப்பி, உள்ளூர் உடற்கல்வி மாணவர்களைப் பயிற்சியாளர்களாக்கித் தர வேண்டும். புதுச்சேரி என்.சி.சி. கடற்படைப் பிரிவு மாணவர்கள் பாய்மரப் படகில் காரைக்கால் வரை போய்த் திரும்பும் பயணங்கள் செய்திருக்கிறார்கள். அந்த வழியில்தான் கடலூரும் பரங்கிப்பேட்டையும் இருக்கின்றன. ஆனால் இவர்களையெல்லாம்விட முதலில் போய் உட்கார வேண்டிய இடம் ஊர்ப் பஞ்சாயத்து. கரை யாருடைய காகிதத்தில் இருந்தாலும், வலை எங்கே காயும், படகு எங்கே ஏறும், ஆற்றில் எந்த நேரம் யார் வலை விடுவார் என்பதை முடிவுசெய்வது ஊர். சுருக்குமடி வலைப் பிரச்சினையில் இந்த மாவட்டத்துக் கிராமங்களுக்குள்ளேயே எவ்வளவு மோதல் வந்தது என்று பார்த்தவர்களுக்கு, நீர்ப்பரப்பு காலியிடம் இல்லை என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. வெள்ளாற்றில் கையாலும் சிறுவலையாலும் இறால், நண்டு பிடித்துப் பிழைக்கும் இருளர் குடும்பங்களும் உண்டு. அவர்கள் பெரும்பாலும் ஊர்ப் பஞ்சாயத்தில் குரல் பெறாதவர்கள். பயிற்சி நேரமும் எல்லையும் அவர்களையும் வைத்துப் பேசியே வகுக்கப்பட வேண்டும், அவர்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கும் இடம் வேண்டும். இதைச் செய்யாமல் கட்சிக்கொடியோடு தொடங்கும் பள்ளியை ஒரு சிறு தகராறு மூடிவிடும்.

கடைசி மறுப்பு, இதெல்லாம் நிலைக்குமா என்பது. நியாயமான சந்தேகம். சுனாமிக்குப் பிறகு இந்தக் கரைக்குத் தொண்டு நிறுவனங்கள் வந்து இறக்கிய ஃபைபர் படகுகள் தேவைக்கு மேல் குவிந்தன. தரமற்றவை சில ஆண்டுகளிலேயே கரையில் கிடந்து வெடித்தன. படகு கொடுப்பது எளிது, புகைப்படமும் நன்றாக வரும். அதைப் பத்தாண்டு பராமரிக்க யாரும் நிதி ஒதுக்குவதில்லை. ஆகவே இந்தத் திட்டத்தில் அரசிடம் கேட்க வேண்டியது படகு அல்ல, சம்பளம்: நிரந்தரப் பணியிடத்தில் இரண்டு பயிற்சியாளர்கள், ஒரு மீட்புப் படகு ஓட்டுநர், ஒரு படகுப் பழுது தொழிலாளி. நால்வரின் சம்பளம் ஒரு மாவட்டத் திறப்பு விழாச் செலவைவிடப் பெரிதாக இருக்காது என்பது என் ஊகம். படகை நிறுவன நிதியிலும் நன்கொடையிலும் வாங்கலாம். ஆளை அப்படி வைக்க முடியாது. போபாலில் நடந்தது அதுதான். இந்த நூற்றாண்டின் முதல் பத்தாண்டில் மத்தியப் பிரதேசம் தொடங்கிய வேலை, ஆட்சிகளும் அதிகாரிகளும் மாறியபோதும் நிற்காமல் நடந்து, 2018-லும் 2023-லும்தான் ஆசியப் பதக்கமாக வந்தது. இங்கே வரும் தடைக்காலத்தில் முதல் முகாம் தொடங்கினால், அதில் சேரும் பத்து வயதுப் பிள்ளை ஆசியப் போட்டி வயதை எட்டப் பல ஆண்டுகள் ஆகும். அதற்குள் ஒரு சட்டமன்றத் தேர்தலாவது வந்துவிடும். எனவே அந்த நான்கு பணியிடங்களையும் விளையாட்டு விழாச் செலவுக் கணக்கிலிருந்து பிரித்து, பல்கலைக்கழகத்தின் உடற்கல்வித் துறையின் அனுமதிக்கப்பட்ட பணியிடங்களாக வரவுசெலவுத் திட்டத்தில் சேர்க்க வேண்டும். ஏப்ரல் 15-க்கு முன் மாவட்ட ஆட்சியர் பரங்கிப்பேட்டையில் கூட்ட வேண்டிய கூட்டத்தில் முதல் பொருளாக இது இருக்கட்டும். படகுகளின் எண்ணிக்கையைப் பிறகு பேசிக்கொள்ளலாம்.